பிழை உண்டு என்று எண்ணித் தொடங்குவோம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் மென்பொருள் துறையோடு தொடர்பில்லாத வீடு இன்று அபூர்வம். மகனோ மகளோ மருமகளோ, யாராவது ஒருவர் காலையில் ஹிஞ்சவடிப் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். பெற்றோரைக் கேட்டால் கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள். எந்த நாட்டு வேலை, இரவுப் பணியா பகல் பணியா என்பதைச் சொல்வார்கள். சம்பளத்தைச் சொல்லாமல் சொல்வார்கள். ஆனால் அந்த வேலையை நன்றாகச் செய்வது என்றால் என்ன என்ற பேச்சு மட்டும் நம் வீடுகளில் எழுவதில்லை. தச்சர் செய்த கதவைச் சாத்திப் பார்த்தால் அவர் கைத்திறன் தெரிந்துவிடும். தையற்காரர் தைத்ததைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கணிப்பொறிக்கு நிரல் எழுதுகிறவரின் வேலை அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிய வரும்போது பெரும்பாலும் கெட்ட செய்தியாகவே வருகிறது. 1987 முதல் 35 ஆண்டுகள் இதே தொழிலில் இருந்தவன் என்ற உரிமையில் இதைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன். கணிப்பொறி தெரியாதவர்களும் தாராளமாகத் தொடர்ந்து படிக்கலாம்.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமையைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று விமானம் ஏறப் போனவர்களில் சிலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கிடைத்தது. உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. திருடர்கள் யாரும் உள்ளே புகவில்லை. திருடர்களைத் தடுப்பதற்காக நிறுவியிருந்த கிரௌட்ஸ்டிரைக் என்ற காவல் மென்பொருளுக்கு அதன் நிறுவனமே அனுப்பிய ஒரு சிறு கோப்பு செய்த வேலை அது. நம் நேரப்படி காலை 9.39-க்கு அனுப்பினார்கள், 10.57-க்குத் திரும்பப் பெற்றார்கள். அந்த 78 நிமிடங்களுக்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

என்ன பிழை? சுற்றுலா பஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் பட்டியலில் 21 இருக்கைகள் என்று போட்டிருக்கிறது. பஸ்ஸில் இருப்பதோ 20. மாதக்கணக்கில் எந்தக் குழப்பமும் இல்லை, ஏனென்றால் 21-ஆம் எண்ணுக்கு எதிரே ‘யாராக இருந்தாலும் சரி’ என்றே எழுதி வந்தார்கள். அந்த இருக்கையை யாரும் தேடிப் போகவில்லை. அன்று முதல் முறையாக அந்த இடத்தில் குறிப்பான ஒன்றை எழுதி அனுப்பினார்கள். மென்பொருள் 21-ஆம் இருக்கையைத் தேடிப் போயிற்று. அங்கே பஸ்ஸே இல்லை. இந்த மென்பொருள் கணிப்பொறியின் அடிமடியில் இயங்குவது. ஆகையால் அது விழுந்தபோது முழு இயந்திரத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. முதலில் சில ஆயிரம் இயந்திரங்களுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பியிருந்தால் சேதம் அங்கேயே நின்றிருக்கும். அதுவும் நடக்கவில்லை. இதுவரை சரியாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்புத்தான் காரணம் என்பது என் எண்ணம்.

இதே ஜூலை 19-ஆம் தேதியிட்ட ஒரு விசாரணை அறிக்கை உண்டு. அது சரியாக 28 ஆண்டுகள் முந்தையது. ஐரோப்பிய நாடுகள் கூட்டாகக் கட்டிய ஏரியான்-5 என்ற ராக்கெட் தன் முதல் பயணமாக 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி தென் அமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவில் உள்ள கூரு தளத்திலிருந்து கிளம்பியது. 40 விநாடிகள்கூட ஆகவில்லை; திசை மாறி, உடைந்து, நான்கு செயற்கைக்கோள்களோடு வெடித்துச் சிதறியது. புகழ்பெற்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் குழு அமைத்து விசாரித்தார்கள். அந்த அறிக்கையை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொருவரையும் படிக்க வைத்திருக்கிறேன்.

ராக்கெட்டின் திசையை அறியும் கருவிக்கான நிரலைப் பழைய ஏரியான்-4-இலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதில் பக்கவாட்டு வேகத்தைச் சார்ந்த ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் அடக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தச் சிறிய இடத்தில் 32,767-க்கு மேல் போகாது. பழைய ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு உயர வழியில்லை. புதிய ராக்கெட் வேறு பாதையில், இன்னும் வேகமாகப் போகிறது; எண் உயர்ந்தது; இடம் போதவில்லை; கருவி செயலிழந்தது. ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டு கருவிகள் வைத்திருந்தார்களே என்று கேட்பீர்கள். இரண்டிலும் ஒரே நிரல். மாற்றுக்கருவி ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்னதாகவே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. இதில் வயிற்றெரிச்சலான சங்கதி, அந்தக் கணக்கு ஏரியான்-5 கிளம்பிய பிறகு எதற்குமே தேவையில்லை. பழைய ராக்கெட்டுக்கு வேண்டியிருந்தது என்பதற்காகச் சுமந்து வந்தார்கள்.

எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். அப்படி இடம் போதாமல் போகக்கூடிய எண்கள் ஏழு என்று கண்டுபிடித்து, நான்குக்குத் தடுப்புப் போட்டிருந்தார்கள். மற்ற மூன்றும் அந்த அளவுக்கு உயராது என்று யோசித்தே விட்டார்கள். கணிப்பொறியின் சுமையைக் குறைக்க வேண்டிய அவசியமும் இருந்தது. ஆனால் ஏன் விட்டோம் என்ற காரணத்தை நிரலுக்குள், பின்னால் வருகிறவர் கண்ணில் படும் இடத்தில், எழுதி வைக்கவில்லை. ‘இது ஏரியான்-4-இன் பாதையை நம்பி விடப்பட்டது’ என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் யாராவது ஒருவர் நின்று யோசித்திருப்பார்.

அந்த அறிக்கையில் என் மனத்தில் பதிந்த இடம் ஒன்று உண்டு. இந்தத் திட்டத்தில் மென்பொருளைப் பற்றிய மனப்போக்கு, தவறு என்று தெரியும் வரை அது சரி என்பதாக இருந்தது. நாங்கள் இதற்கு நேர்மாறாக நினைக்கிறோம், தக்க முறைகளால் சரி என்று காட்டும் வரை அதில் தவறு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்ற பொருள்பட விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகும் வரை ஒருவர் நிரபராதி. நிரலுக்கு அந்தச் சலுகை கூடாது என்கிறார்கள். நான் பார்த்த வரையில், எத்தனை மொழி தெரியும், எவ்வளவு வேகமாக எழுதுவார் என்பதையெல்லாம் விட, ஒரு நிரலாளர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் நின்று தன் வேலையைப் பார்க்கிறார் என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது.

ராக்கெட்டில் பொருள் மட்டும் போயிற்று. உயிர் போன கதையும் சொல்ல வேண்டும். தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். கனடாவில் செய்தது, அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பதினொன்று நிறுவப்பட்டன. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு நோயாளிகள் இதனிடம் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பெற்றார்கள், சிலர் இறந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் 1986 மார்ச்சில் ஒருவருக்கு 180 ராட் கொடுக்க வேண்டிய இடத்தில், ஒரு நொடிக்குள் 16,500-க்கும் அதிகமாகப் பாய்ந்திருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். திரையில் தெரிந்தது ‘கோளாறு 54’ என்ற இரண்டு சொல் மட்டுமே. அதன் பொருள் இயக்கியவருக்குத் தெரியாது. இப்படிச் சின்னச் சின்னக் கோளாறு தினமும் பல முறை வரும், ஒரு விசையைத் தட்டினால் வேலை தொடரும், தட்டிப் பழகிவிட்டது.

அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்மணியும் விடாமல் உட்கார்ந்து அந்தக் கோளாற்றைத் திரும்ப வரவழைத்தார்கள். எக்ஸ்ரே என்று தவறாகத் தட்டிவிட்டு, உடனே மேலே போய் எலெக்ட்ரான் என்று திருத்தி, எல்லாவற்றையும் 8 விநாடிகளுக்குள் முடித்தால் கோளாறு வந்தது. திரையில் திருத்தம் தெரிந்தது. உள்ளே காந்தங்களை அமைத்துக்கொண்டிருந்த பகுதி திருத்தத்தைப் பார்க்கவில்லை. மெதுவாகத் தட்டுகிறவருக்கு இது வரவே வராது. பழகப் பழகக் கை வேகமாகும் அல்லவா, வேலையில் தேர்ந்தவருக்குத்தான் வரும்.

இதைவிட முக்கியமானது பிறகு தெரிந்தது. இதற்கு முந்தைய தெராக்-20 இயந்திரத்திலும் இதே பிழை இருந்தது. ஆனால் அதில் மின்சுற்றிலேயே தனித் தடுப்புகள் இருந்தபடியால், பிழை வரும்போது ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். புதிய இயந்திரத்தில் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று அந்தத் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். 1983-இல் செய்த பாதுகாப்பு ஆய்விலோ, நிரலில் மிச்சம் இருக்கக்கூடிய பிழைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மென்பொருள் தேயாது, களைக்காது என்பது அங்கே சொன்ன ஒரு காரணம். உண்மைதான், தேயாது. முதல் நாள் இருந்த பிழையும் தேயாமல் அப்படியே இருக்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘பக்’ என்கிறார்கள், பூச்சி என்று பொருள். ஏதோ ஜன்னல் வழியாகத் தானாக உள்ளே பறந்து வந்தது போல ஒலிக்கிறது. டச்சு நாட்டுக் கணிப்பொறி அறிஞர் டைக்ஸ்ட்ரா இந்தச் சொல்லை விட்டுவிட்டுப் பிழை என்றே சொல்லுங்கள் என்று 1988-இல் வற்புறுத்தினார். தமிழில் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பிழை என்ற சொல்லிலேயே செய்தவர் ஒருவர் இருக்கிறார். அதே அறிஞர் 1972-இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரைக்குப் ‘பணிவுள்ள நிரலாளர்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். சோதித்துப் பார்ப்பதால் பிழை இருப்பதைக் காட்டலாமே ஒழிய, பிழை இல்லை என்று காட்ட முடியாது என்பது அவர் பல இடங்களில் வலியுறுத்திய கருத்து. ஆகவே ‘டெஸ்டிங் செய்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்கிறது.

எதிர்ப்பக்கம் நின்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்வெளி ஓடத்துக்கு ஹூஸ்டனில் நிரல் எழுதிய குழுவைப் பற்றி 1996-இல் விரிவாக எழுதினார்கள். சுமார் 4,20,000 வரிகள் கொண்ட நிரல். கடைசி மூன்று பதிப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிழை. விடிய விடிய உட்கார்ந்து எழுதும் சூரர்கள் அங்கே இல்லை. காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகிறவர்கள். ஒரு பிழை கிடைத்தால் அதைத் திருத்துவார்கள். அதை உள்ளே விட்ட ஓட்டை எது என்று தேடி அடைப்பார்கள். பிறகு அதே ஜாதிப் பிழை வேறெங்கே ஒளிந்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பார்கள். எழுதியவர் யார் என்று திட்டுவதில் நேரம் போக்கவில்லை. அவர்களுக்கிருந்த பணமும் நேரமும் நமக்குக் கிடையாது என்பது நியாயமான வாதம். ஆனாலும் அந்த மூன்றாவது காரியத்துக்குப் பணம் வேண்டியதில்லை.

டொனால்ட் நூத் என்ற பேராசிரியரையும் சொல்ல வேண்டும். தம் நூல்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு பிழைக்கு 2 டாலர் 56 சென்ட் என்று காசோலை அனுப்பி வந்தார். 256 என்பது கணிப்பொறிக்காரர்களுக்கு உகந்த எண். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள். வங்கி மோசடிகளுக்குப் பயந்து 2008 முதல் உண்மைக் காசோலைக்குப் பதிலாக ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழ் அனுப்புகிறார். அதற்கும் அதே மதிப்பு. தம் புத்தகத்தில் பிழை இருக்கிறது என்று எண்ணுவதோடு நில்லாமல், கண்டுபிடிப்பவருக்குப் பரிசும் தருகிறவரை நினைத்துப் பாருங்கள்.

நான் தொழில் கற்ற காலத்தில் எங்கள் குழுவின் தலைவி ஒரு மராட்டியப் பெண்மணி. நிரலை நீள அச்சுத்தாளில் எடுத்துக்கொண்டு போனால், ‘ஓடுகிறதா?’ என்று கேட்க மாட்டார். ‘உங்களைத் தவிர வேறு யார் படித்தார்கள்?’ என்பார். யாரும் படிக்கவில்லை என்றால் தாள் அப்படியே திரும்பி வரும். ஐ.பி.எம். நிறுவனத்தில் மைக்கேல் ஃபேகன் என்பவர் 1976-இல் எழுதிய ஆய்வுமுறையைத்தான் அவர் செய்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நாலு பேர் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பது, கண்டதைக் குறிப்பது, எழுதியவரைக் குறைகூறாமல் இருப்பது, இவ்வளவுதான் அதன் சாரம். வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்குமுன் நாலு பேரிடம் காட்டுகிறோமே, அதே காரியம்.

பிறகு சான்றிதழ்களின் காலம் வந்தது. வாட்ஸ் ஹம்ப்ரி என்பவர் முன்னின்று வகுத்த தரப்படிகளில் ஐந்தாவது படியை எட்டுவதற்கு இந்தியக் கம்பெனிகள் போட்டி போட்டன. சென்னையில் ஒரு தர நிறுவனத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அதனால் ஒழுங்கு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான் பிற்காலத்தில் பணிசெய்த ஓர் இடத்தில், ‘படித்துப் பார்க்கப்பட்டது’ என்ற படிவத்தைத் தணிக்கைக்கு முந்தின இரவு உட்கார்ந்து நிரப்பினார்கள். கோப்பு தடித்தது, நிரல் அப்படியே இருந்தது. இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை: மணிக்கணக்கில் பணம் வாங்கும் தொழிலில், பிழை செய்யும் மணிக்கும் பணம் உண்டு, திருத்தும் மணிக்கும் பணம் உண்டு. கவனமாக எழுதி ஒரு நாள் தாமதிக்கிற பிள்ளைக்கு ஆண்டு மதிப்பீட்டில் மார்க் குறைகிறது. அவசரத்தில் எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து திருத்துகிற பிள்ளைக்கு உழைப்பாளி என்று பெயர். இதைப் பிள்ளைகளின் குற்றம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரல் எழுதித் தருகின்றன. பக்கத்து வீட்டுப் பையன், ‘அங்கிள், அதுவே எழுதிடுது, நான் எதுக்குப் படிச்சுப் பார்க்கணும்?’ என்று கேட்டான். ஏரியான்-4-இன் நிரலும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல்தானப்பா என்றேன். தான் எழுதாததைப் படிப்பது எழுதுவதைவிடக் கடினம். அதைக் கற்க இனிமேல்தான் அவசியம் கூடுகிறது.

நமக்கு மிகவும் பழக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். கணிப்பொறிப் படிவங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான். ஒரு அட்டையில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் தகப்பனார் பெயர் முழுதாக, அதுவே குடும்பப் பெயராக. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்க, பெயர் பொருந்தவில்லை என்று காப்பீட்டுத் தொகை மூன்று வாரம் நின்றது. மகள் வட்டியில்லாக் கைமாற்றுக்கு அலைந்தாள். அந்தப் படிவத்தை எழுதிய நிரலாளர் கெட்டவர் அல்லர். எல்லோருக்கும் தம்மைப் போலவே இரண்டு பெயர் இருக்கும் என்று எண்ணினார். அந்த எண்ணத்தைச் சோதிக்கவில்லை. அவர் தமிழராகவே இருந்திருக்கவும் கூடும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் வகுப்பில் முதல் பாடமே இதுதான். பெயரை வாங்கி, எத்தனை எழுத்து என்று சொல்லும் சிறு நிரலை எழுத வேண்டும். எழுதியவுடன் இடம் மாறி உட்கார்ந்து, அடுத்தவர் நிரலைக் கெடுக்கும் பெயர் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ஒருவன் ஒற்றைப் பெயருள்ள தன் பாட்டியைக் கொண்டுவந்தான். ஒருத்தி, கல்யாணத்துக்குப் பின் முதலெழுத்து மாறிய தன் சித்தியைச் சொன்னாள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘தமிழ்’ என்ற சொல்லையே தட்டினாள். நாம் மூன்றெழுத்து என்போம். நிரல் ஐந்து என்றது. கணிப்பொறியின் கணக்கில் மி-யின் கொக்கியும் ழ்-இன் புள்ளியும் தனித்தனி. அறை முழுவதும் ஒரே சிரிப்பு. பிறகு எல்லோரும் தங்கள் நிரலைத் திறந்து பார்த்தார்கள், ஒருவருடையதும் தேறவில்லை.

அடுத்த வகுப்புக்கு அவர்கள் யோசித்து வர வேண்டியது ‘ஸ்ரீ’. இதைக் கணிப்பொறியில் இரண்டு விதமாகத் தட்டலாம். திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கணிப்பொறிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். உங்கள் வீட்டில் ஸ்ரீதரோ ஸ்ரீவித்யாவோ இருந்தால், பிள்ளைகளோடு உட்கார்ந்து முயன்று பார்த்துவிட்டு முடிவை எனக்கு எழுதுங்கள்.